கிலுகிலுப்பை வாழ்த்து அட்டை

(சித்திரைப் புத்தாண்டை முன்னிட்டு, நம் சங்க மண்டபத்தில் தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடந்த கைவேலை வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. பத்தாவது முடித்த நாளிலிருந்து தொழிற்சாலைதான் எனக்கு உலகம். மிஷின் சத்தத்தில் கத்திப் பேசிப் பழகிய தொண்டை இது, அதனால் மைக் இல்லாவிட்டாலும் பின்வரிசைக்குக் கேட்கும். வாழ்த்து அட்டை செய்யக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள், சரி என்றேன். "அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் பேசிடுங்க" என்று செயலாளர் அண்ணன் நேற்று ராத்திரி சொன்னார். அப்போது பிடித்த நடுக்கம் இன்னும் போகவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் இன்று செய்யப்போகும் அட்டைக்கு இங்கிலீஷில் ஷேக்கர் கார்டு என்று பேர். அட்டையின் முகப்பில் ஒரு ஜன்னல் வெட்டி, அதில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள் ஒட்டி, உள்ளே சம்கியோ பாசிமணியோ காகிதப் பொட்டோ போட்டு மூடிவிடுவது. கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே இருப்பது ஓடும், சத்தம் போடும். ஷ்வேப்யிதாவில் எங்கள் லைனில் இருந்த தமிழ்ப் பெண்கள் இதற்கு வைத்த பேர் கிலுகிலுப்பை அட்டை. எனக்கு அந்தப் பேர்தான் வாயில் வருகிறது.

ஷ்வேப்யிதாவைத் தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ரங்கூனுக்கு, இப்போது யாங்கூன் என்கிறோம், வடமேற்கே இன்செயினைத் தாண்டி லைன் ஆற்றுப் பக்கம் இருக்கும் ஊர். பேருக்கு அர்த்தம் பொன்னான இனிய நாடு. 1988 கலவரத்தை ஒட்டிய ஆண்டுகளில் நகரத்துக்குள் இருந்த குடிசைகளைக் காலி செய்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிய புது ஊர்களில் அதுவும் ஒன்று. என் அப்பா அம்மாவும் அப்படிப் போனவர்கள்தான். அப்போது அங்கே வயலும் சேறும். பிறகு தொழிற்பேட்டை வந்தது, தையல் தொழிற்சாலைகள் வந்தன. நான் பிறந்தது, வளர்ந்தது, வேலைக்குப் போனது எல்லாம் அங்கேதான்.

அட்டைக்கும் எங்கள் வீட்டுக்கும் உள்ள சொந்தம் எனக்கு முந்தியது. 1964-ல் பர்மாவில் கடைகளை நாட்டுடைமை ஆக்கினார்கள். அந்த வருஷம் மே மாதம் 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றும் அறிவித்தார்கள். கையில் இருந்தது காகிதமாகிப்போய், நம் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மெட்ராஸ் கப்பல் ஏறினார்கள். என் பாட்டியின் தம்பியும் ஏறினார். பாட்டி ஏறவில்லை. அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை.

ஆனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் சின்னத் தாத்தாவிடமிருந்து ஒரு அட்டை வந்துவிடும். சிவகாசியில் அச்சடித்தது. கரும்பு, பானை, மாடு, சூரியன் போட்டு, பளபளவென்று இருக்கும். தமிழ்நாட்டில் அந்தக் காலத்தில் பொங்கல் வந்தால் கடைவாசலில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கைப்பேசி வந்த பிறகு அந்த வழக்கம் குறைந்துவிட்டது. அட்டையின் உள்ளே அச்சில் இருக்கும் வாழ்த்தை எங்கள் வீட்டில் யாரும் வாசித்ததில்லை. அதற்குக் கீழே தாத்தா பேனாவால் எழுதியிருக்கும் மூன்று வரிதான் வாசிக்கப்படும். யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் செத்தது, மழை பெய்ததா. அவ்வளவுதான். அப்பா அதைச் சத்தமாக வாசிப்பார், பாட்டி கேட்பாள். அட்டை ஓவல்டின் டப்பாவுக்குள் போய்விடும்.

எங்களை ஷ்வேப்யிதாவுக்குக் கொண்டுபோய் இறக்கிய பிறகு வந்த முதல் பொங்கலுக்கு அட்டை வரவில்லை. பாட்டி, தம்பிக்கு என்னமோ ஆகிவிட்டது என்று சாப்பிடாமல் கிடந்தாளாம். மாசி மாதம் பழைய தெருவில் இருந்த ஒரு முஸ்லிம் பெரியவர், பஸ் மாறி மாறி, எங்கள் குடிசையைத் தேடிக் கண்டுபிடித்து அந்த அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். அட்டை பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. அம்மா இந்தக் கதையை எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறாள். பெரியவரின் பேர் அம்மாவுக்கு மறந்துவிட்டது. அவர் எங்கள் வீட்டில் தண்ணீர் மட்டும் குடித்தார் என்பது மறக்கவில்லை.

இனி தொழிற்சாலைக்கு வருகிறேன். நான் வேலை பார்த்தது சட்டை மடித்துப் பெட்டி போடும் பகுதியில். புதுச் சட்டையைப் பிரித்திருக்கிறீர்கள் அல்லவா? முதுகுப் பக்கம் ஒரு அட்டை, காலருக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் பட்டை, கழுத்துப் பொத்தானுக்குக் கீழே பட்டாம்பூச்சி மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டு, மேலே மெல்லிய தாள். இதில் வளைந்ததும் கீறல் விழுந்ததும் எல்லாம் குப்பைக்குப் போகும். பெண்கள் உடுப்பு வரும் மாதங்களில் சம்கியும் மணியும் தரையெல்லாம் கிடக்கும். சூப்பர்வைசரிடம் கேட்டு, வாசல் காவலாளியிடம் காட்டி, அந்தக் குப்பையில் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவருவோம். எங்களோடு இருந்த ஒரு பர்மாக்காரப் பெண் கைப்பேசியில் ஷேக்கர் கார்டு செய்யும் படம் பார்த்துவிட்டு வந்து, அந்தக் காலர் பிளாஸ்டிக்கை வைத்தே ஒன்று செய்து காட்டினாள். அப்படித்தான் நாங்கள் கற்றது. காசு கொடுத்து வாங்கியது பசை மட்டும்.

தண்ணீர்த் திருவிழாவும் நம் சித்திரையும் ஒரே வாரத்தில் வருவது உங்களுக்குத் தெரியும். திஞ்சான் என்ற பர்மியச் சொல்லே சங்கராந்தி என்ற சொல்லிலிருந்து வந்தது. சூரியன் மேஷத்துக்குப் போகும் நாளைத்தான் அவர்கள் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடுகிறார்கள், நாம் மாங்காய்ப் பச்சடி வைத்துக் கொண்டாடுகிறோம். அந்தச் சமயத்தில் முதல் மழை விழுந்ததும் படௌக் பூக்கும். நம் வேங்கை மரத்தின் இனம் அது, மரம் முழுக்க மஞ்சளாக நிற்கும், ஒரே நாளில் உதிர்ந்துவிடும். அதனால் எங்கள் சித்திரை அட்டைக்கு உள்ளே போடுவது எப்போதும் மஞ்சள் பொட்டுதான். காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்சிங் மிஷின் இருக்கிறதே, அதற்குள் விழும் பொட்டு. அட்டையின் பின்னணியில் ஒரு மரம் வரைந்துவிட்டால், ஆட்டும்போதெல்லாம் பூ உதிரும்.

2021 பிப்ரவரி 1-ஆம் தேதிக்குப் பிறகு நடந்ததை இங்கே யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் 14-ஆம் தேதி லைன்தாயாவுக்கும் எங்கள் ஷ்வேப்யிதாவுக்கும்தான் முதலில் ராணுவச் சட்டம் போட்டார்கள். அதே வாரம் கைப்பேசி இணையம் நின்றது. தொழிற்சாலைகள் மூடின. அந்தச் சித்திரைக்கு யாரும் அட்டை செய்யவில்லை. மறு வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் மகளும் இங்கே வந்து சேர்ந்தோம். அம்மா வர மறுத்துவிட்டாள். பாட்டி கப்பல் ஏற மறுத்த மாதிரிதான்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தமிழும் சரி, பர்மாவும் சரி. அவள் பிள்ளையாக இருந்த காலத்தில்தான் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் மூடப்பட்டன. எனக்குத் தமிழ் எழுதத் தெரிகிறது என்றால், கோடை விடுமுறையில் கோயிலில் நடந்த வகுப்புதான் காரணம். அம்மாவிடம் சொந்தமாகக் கைப்பேசி கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் கைப்பேசியில், கரண்ட் இருந்து இணையமும் இருந்தால் பேசலாம். பேசினாலும் "நல்லா இருக்கியா, சாப்பிட்டியா" என்பதோடு அறுந்துவிடும்.

2023 சித்திரைக்கு ஒருவர் ரங்கூன் போகிறார் என்று தெரிந்தது. அவரிடம் கொடுத்தனுப்ப நான் ஒரு கிலுகிலுப்பை அட்டை செய்தேன். உள்ளே என் மகளை எழுத வைத்தேன். அவளுக்கு அப்போது ஏழு வயது. மூன்று வரி எழுத ஒன்றரை மணி நேரம் ஆனது, நடுவில் இரண்டு தடவை அழுகை. அட்டை போய்ச் சேர்ந்தது. அம்மா பேசினாள்: "ஏம்மா, ஜன்னல் வச்ச அட்டை நல்லாருக்கு. கண்ணாடிக்குள்ள மரம் தெரியுது." நான், "மஞ்சப் பூ கொட்டுதாம்மா?" என்று கேட்டேன். "பூ எங்க இருக்கு?" என்றாள். மூலையில் இடைவெளி விட்டிருக்கிறேன். பூ அத்தனையும் கொண்டுபோனவரின் பைக்குள் கொட்டிவிட்டது. பதின்மூன்று வருஷம் தொழிற்சாலையில் அடுத்தவர் தப்பைப் பொறுக்கி எடுத்தவள், என் தப்பைப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

ஆனால் அந்த அட்டையால் வேறொன்று நடந்தது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது அல்லவா? பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். அவனும் கோயில் வகுப்பில் தமிழ் படிக்கிறவன். எழுத்துக் கூட்டி, எழுத்துக் கூட்டி வாசித்திருக்கிறான். கைப்பேசியில் அவன் குரல் வந்தது: "அக்கா, தங்கச்சி பாட்டிக்கு ஒரு ட் விட்டுட்டா. பாடின்னு எழுதியிருக்கா." என் மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. அன்று ராத்திரியே நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பாட்டி, பாட்டி, பாட்டி என்று ஒரு பக்கம் எழுதினாள். நான் ஒரு வருஷமாகக் கெஞ்சியும் நடக்காதது அது.

தாய்மார்களே, நான் சொல்ல வந்தது இதுதான். இந்த நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. நம் பிள்ளைகள் அங்கே சேர முடியாமல் சமூகப் பள்ளியில் படிக்கிறார்கள். அங்கே இங்கிலீஷ், மலாய், கணக்கு. தமிழ் நம் கையில்தான். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், சரி. எழுதச் சொன்னால் ஏன் என்று கேட்கிறார்கள். "யாருக்கு எழுதணும்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும். சும்மா எழுதச் சொன்னால் பிள்ளை எழுதாது. ஆட்டினால் பூ கொட்டும் அட்டையை ஒருத்தருக்குச் செய்துவிட்டு, வெறுமையாக அனுப்ப எந்தப் பிள்ளைக்கும் மனசு வராது.

1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்று ஒரு பெரிய மனிதர், வந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத நேரமில்லை என்று, ஓவியர் ஒருவரை வரையச் சொல்லி ஆயிரம் கிறிஸ்துமஸ் அட்டை அச்சடித்தாராம். கடையில் விற்கும் கிறிஸ்துமஸ் அட்டை அப்படித்தான் தொடங்கியது, எழுத நேரமில்லாதவருக்காக. நாம் செய்வது எழுத வைப்பதற்காக.

இனி செய்முறை. மேசையில் சாமான்கள் இருக்கின்றன, பார்த்துக்கொண்டே கேளுங்கள்.

ஒரு ஏ4 கெட்டித் தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் இரண்டு அட்டை கிடைக்கும். ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் முகப்பு 105-க்கு 148 மில்லிமீட்டர். அதே அளவில் இன்னொரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள், அதுதான் ஜன்னல் சட்டம். அதன் நடுவில் 60-க்கு 60 மில்லிமீட்டர் சதுரம் வெட்டி எடுங்கள். வட்டம், மாங்காய், விளக்கு என்று பிறகு வெட்டலாம், முதல் அட்டைக்குச் சதுரம்தான் சுலபம். கட்டர் வேலையைப் பெரியவர்கள் செய்யுங்கள், பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்.

ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள் 72-க்கு 72. நாலு பக்கமும் 6 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும்படி சட்டத்தின் பின்பக்கம் ஒட்டுங்கள். சட்டைப் பெட்டியின் மூடி, பலகாரப் பெட்டியின் மூடி, எது தெளிவாக இருக்கிறதோ அது போதும். ஒட்டிய பிறகு விரலில் துளி முகப் பவுடர் தொட்டு, பிளாஸ்டிக்கின் உள்பக்கம் தடவி, துணியால் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காகிதப் பொட்டு பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்காது.

அடுத்தது சுவர். ஜன்னலைச் சுற்றி நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சுவர் எழுப்ப வேண்டும். கடையில் ஃபோம் டேப் விற்கிறது, அதை ஒட்டலாம். காசு வேண்டாம் என்றால் மளிகைக் கடை அட்டைப்பெட்டி போதும், அதன் கனமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. பெட்டி அட்டைக்கு நடுவே வரிவரியாகக் குழாய் மாதிரி ஓடும். அந்தக் குழாய் ஓடும் திசையிலேயே நீளமாகப் பட்டை வெட்டுங்கள். குறுக்கே வெட்டினால் குழாயின் வாய் ஜன்னலைப் பார்த்துத் திறந்திருக்கும், பாசிமணி எல்லாம் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். மேலும் கீழும் நீளப் பட்டை, அந்த இரண்டுக்கும் நடுவே பக்கவாட்டுப் பட்டை. மூலையில் மயிரிழை இடைவெளிகூட இருக்கக் கூடாது. விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் வரும் இடத்தில் பசையில் நனைத்த காகிதத் துண்டை வைத்து அடையுங்கள். நான் பார்க்காமல் விட்டது இதைத்தான்.

இப்போது சட்டத்தைக் குப்புற வைத்தால் நடுவில் ஒரு சின்னத் தொட்டி மாதிரி இருக்கும். அதற்குள் பொட்டும் மணியும் அரைத் தேக்கரண்டி போடுங்கள். ஆசைப்பட்டு நிரப்பினால் ஆடாது. உள்ளே போடும் மணி சுவரின் உயரத்தைவிடப் பெரிதாக இருந்தாலும் ஆடாது, சிக்கிக்கொள்ளும். சுவரின் மேல் பசை தடவி, படம் வரைந்த அட்டை முகப்பை அதன் மேல் கவிழ்த்து, ஒரு கனமான புத்தகத்தை வைத்து அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். எடுத்து ஆட்டிப் பாருங்கள்.

எது எதற்கு எதைப் போடுவது என்று கேட்பீர்கள். சித்திரைக்கு மஞ்சள் பொட்டு என்று சொன்னேன். தீபாவளிக்குச் சிவப்பும் தங்கமும் கலந்த சம்கி, பின்னணியில் ஒரு மத்தாப்பு. பொங்கலுக்கு வெள்ளைப் பாசி, பானை வடிவ ஜன்னல். அட்டையைக் குலுக்கினால் பானை பொங்குகிற மாதிரி இருக்கும். நோன்புப் பெருநாளுக்குக் கருநீலத் தாளில் பிறை வரைந்து வெள்ளி நட்சத்திரம். கிறிஸ்துமஸ் அட்டைக்குக் கடையில் பனி கொட்டுவார்கள். நம்மில் பனியைப் பார்த்தவர்கள் குறைவு, நட்சத்திரமே போடலாம். கல்யாணத்துக்கு ரோஜா நிறமும் தங்கமும். பிள்ளை பிறந்த வீட்டுக்கு அனுப்பும் அட்டையில் மணி வேண்டாம், காகிதப் பொட்டு மட்டும். பிரிந்து விழுந்தால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். கண்ணாடி வளையல் துண்டு எதற்கும் வேண்டாம், பிளாஸ்டிக்கைக் கீறிவிடும். அரிசி, கடுகு, ஜவ்வரிசியும் வேண்டாம். நம் மழைக்கு வண்டு வைக்கும். நாடு விட்டு நாடு போகும்போது தானியம், விதை என்றால் தடுப்பார்கள்.

துக்க வீட்டுக்குக் கிலுகிலுப்பை அட்டை கிடையாது. 2025 மார்ச் 28-ல் மண்டலே பக்கம் பூமி அதிர்ந்த பிறகு வந்த சித்திரையில், ஜன்னல் வைத்து உள்ளே ஒன்றும் போடாத அட்டைதான் நாங்கள் சிலர் செய்தோம். ஆட்டினால் சத்தம் வராது. பிள்ளைகள் ஏன் என்று கேட்டார்கள், சொன்னோம்.

ஊருக்குக் கொடுத்தனுப்பும் அட்டைக்குத் தனியாகச் சில விஷயம். கொண்டுபோகிறவர் வழியில் சோதனைச் சாவடிகளைத் தாண்ட வேண்டும். அவருக்குத் தொந்தரவு வரக் கூடாது. உறையை ஒட்டாதீர்கள், திறந்தே இருக்கட்டும். மினுமினுப்புத் தூள், வெள்ளைத் தூள் எதுவும் உள்ளே வேண்டாம். ஜன்னல் பெரிதாக இருக்கட்டும், உள்ளே என்ன என்று பார்த்ததும் தெரிய வேண்டும். அரசியல் எழுத வேண்டாம். இங்கே யார் யார் இருக்கிறோம், எங்கே வேலை என்றும் எழுத வேண்டாம். சின்னத் தாத்தா எழுதிய மாதிரி எழுதுங்கள்: பல் விழுந்தது, புதுப் பல் முளைத்தது, மழை பெய்தது, முருங்கைக்காய் விலை. வாசிக்கிறவர்களுக்கு அதுதான் வேண்டியிருக்கிறது.

எழுத்தை நீங்கள் எழுதிக் கொடுத்துப் பிள்ளையைப் பார்த்து எழுத வைக்காதீர்கள். பிழையோடு போகட்டும். பிழையைத் திருத்த அந்தப் பக்கம் ஒரு பையனோ பெண்ணோ இருந்தால் அதைவிட நல்லது கிடையாது.

இதை விற்றுச் சம்பாதிக்கலாமா என்று இரண்டு அக்காமார் கேட்டார்கள். விற்கலாம். ஆனால் ஒரு அட்டைக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. கடையில் மலிவாக அச்சு அட்டை கிடைக்கும்போது நம் முக்கால் மணி நேரத்துக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள். கல்யாண அழைப்பு மாதிரி சொல்லிவைத்துச் செய்யும் வேலை என்றால் கட்டுப்படியாகலாம். இன்றைய வகுப்பு அதற்கல்ல.

இன்னொன்று சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. போன வகுப்பில் ஒரு தாய் மிக அழகாக ஒரு அட்டை செய்தார். முடித்துவிட்டு என்னிடம் வந்து, "இதை எந்த முகவரிக்கு அனுப்புறது?" என்று கேட்டார். அவருடைய ஊர் இப்போது இல்லை. அக்கா குடும்பம் எந்தப் பக்கம் போனது என்று தெரியவில்லை. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் உறையின் மேல் அக்காவின் பேரையும் அவர்கள் இருந்த ஊரின் பேரையும் எழுதி, நம் சங்க அலமாரியில் வைத்தோம். ஊருக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள் யாரிடமாவது விசாரிக்கும்போது அந்தப் பேரையும் விசாரிக்கிறோம். இன்று அந்த அலமாரியில் அப்படி ஐந்து அட்டை இருக்கிறது. எங்கள் பாட்டிக்கு வந்த அட்டையைப் பஸ் மாறி மாறிக் கொண்டுவந்து கொடுத்த பெரியவரை நினைத்துக்கொள்கிறேன். அவரைப் போல ஒருவர் கிடைக்கும்வரை அவை அங்கே பத்திரமாக இருக்கட்டும். முகவரி இல்லையே என்று யாரும் அட்டை செய்யாமல் இருக்க வேண்டாம்.

முடிக்கிறேன். 2023 தீபாவளிக்கு அம்மாவுக்கு இரண்டாவது அட்டை போனது. மூலை அடைத்த அட்டை. அம்மா அதைச் சாமி மாடத்தில் வைத்திருக்கிறாள். காலையில் விளக்கேற்றும்போது எடுத்து ஒரு தடவை ஆட்டிவிட்டு வைக்கிறாளாம். பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். அவனே அடுத்த சித்திரைக்கு என் மகளுக்கு ஒரு அட்டை செய்து, வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். அவன் அம்மாவும் தையல் தொழிற்சாலைக்காரி. உள்ளே அவன் போட்டிருந்தது வெட்டிப்போட்ட நூல் துணுக்குகள், பச்சை, நீலம், சிவப்பு. நூல் சத்தம் போடுமா? ஆட்டினால் ஒன்றும் கேட்கவில்லை. என் மகள் அதைக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். பிறகு திறந்து வாசித்தாள். நாலு வரி. அவளே வாசித்தாள், என்னிடம் கொடுக்கவில்லை. "தங்கச்சி, உன் பேர்ல ரெண்டு சுழி ன வரும், நீ மூணு சுழி போடுற" என்று ஒரு வரி இருந்ததாம். அது மட்டும் எனக்குச் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூடுகிறோம். வரும்போது ஒரு பிளாஸ்டிக் மூடி, ஒரு அட்டைப்பெட்டித் துண்டு, பழைய கலர்த் தாள் கொண்டுவாருங்கள். பசையும் கட்டரும் சங்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பேரைக் கொண்டுவர வேண்டும். பாட்டி, தாத்தா, மாமா, கூடப் படித்த பிள்ளை, யாராக இருந்தாலும் சரி. முகவரி இருந்தால் முகவரி, இல்லாவிட்டால் பேர் மட்டும்.

 எல்லோருக்கும் என் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள். வாங்க, கத்தரிக்கோலை எடுப்போம். வணக்கம்.